பரப்பை மூடுவதா, வலையைக் கட்டுப்படுத்துவதா?

200 கடல் மைலுக்கு அப்பால் கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அங்குள்ள உயிரினங்களைக் காக்க என்ன வழி? ஒரு பரப்பில் மீன்பிடிப்பையே மூடும் காப்பகமா, வலைக்கும் தூண்டிலுக்கும் விதி போடும் வலைக் கட்டுப்பாடா? ஐ.நா. ஆழ்கடல் ஒப்பந்தம் 2026 ஜனவரி 17-ல் அமலுக்கு வந்தபின் காசிமேட்டிலும் இந்தக் கேள்வி வருகிறது.

கண்காணிப்பு
காப்பகம்: கோட்டுக்குள் கப்பல் நுழைந்தாலே செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும். கப்பலின் இருப்பிடம் சொல்லும் கருவியை அணைத்துவிட்டால் தலைவலிதான்.
வலைக் கட்டுப்பாடு: ஆழ்கடலில் மிக நீளமான மிதவை வலைகளை 1992 இறுதிக்குள் நிறுத்தச் சொன்னது ஐ.நா. நடுக்கடலில் டேப் பிடித்து அளப்பது யார்?

எந்த உயிருக்கு?
காப்பகம்: நகராதவற்றுக்கு. இழுவலை ஒருமுறை உழுதால் குளிர்நீர்ப் பவளம் மீள நூற்றாண்டுகூட ஆகலாம்.
வலைக் கட்டுப்பாடு: சூரை, சுறா, ஆமை. இவை எந்தக் கோட்டையும் மதிப்பதில்லை. ஆமைக்கு, முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் உதவும்.

ஏற்பு
அண்டார்க்டிகாவின் ராஸ் கடல் காப்பகத்துக்கு, அந்தக் கடலைக் கவனிக்கும் பன்னாட்டு ஆணையத்தின் எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவும் 35 ஆண்டுக்குத்தான். நம்மூரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கட்டிக்கிடப்பது பழகிவிட்டது. ஆனால் அதற்கு நிவாரணம் தர ஓர் அரசு இருக்கிறது.

பவளம் வளரும் கடலடி மலைகளுக்குக் காப்பகம், சூரைக் கூட்டத்துக்கு வலைக் கட்டுப்பாடு. ஒன்றுதான் முடியும் என்றால் நான் காப்பகத்தையே கேட்பேன்: அழிந்த பவளத்துக்கு எந்த வலை விதியும் உதவாது.