மேடையில் 8 ஆண்டுகள்: 61 கட்டை சிந்தசைசரும் 88 கட்டை ஸ்டேஜ் பியானோவும்

கடந்த 8 ஆண்டுகளாக மேடைகளில் நான் வாசித்துவருபவை இரண்டு கருவிகள். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், அசல் பியானோவைப்போல் கனமாக அழுந்தும் 88 கட்டைகள் கொண்ட ஹாமர் ஆக்‌ஷன் ஸ்டேஜ் பியானோவும், மேல்தட்டில் 61 கட்டைகள் கொண்ட சிந்தசைசரும் இருக்கும். வாங்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டோனாக, அதாவது கருவியில் உள்ள ஒவ்வொரு ஒலி வகையாக, வாசித்துப் பார்த்து, எது காதுக்கு நிறைவாக இருந்ததோ அதையே தேர்ந்தெடுத்தேன். ஒலித்தரத்தில் இரண்டுமே இன்றுவரை என்னை ஏமாற்றவில்லை. ஆனால் மேடையில் எனக்கு நேர்ந்த தடுமாற்றங்களில் ஏறக்குறைய எதுவும் ஒலித்தரத்தால் வந்ததில்லை. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் கிடைக்கும் அரை நொடியில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை நான் சோதிக்கவே இல்லை.

முதல் ஆண்டிலேயே அதன் விளைவு தெரிந்தது. ஒரு பாடலின் இடையிசை ஸ்ட்ரிங்ஸில் முடிந்து, அதன் கடைசிச் சுரம் நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பியானோவுக்கு மாற வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தியதும் ஸ்ட்ரிங்ஸ் கத்தரித்ததுபோல் நின்றுவிட, பாடகி வெறும் மௌனத்தின் மேல் சரணத்தை எடுத்தார். டோன் மாறும்போது அதற்குரிய ரிவெர்ப் (அரங்க எதிரொலிப்பு), டிலே (தாமதித்து மீண்டும் ஒலித்தல்) போன்ற எஃபெக்ட்களும் சேர்ந்தே மாற வேண்டும். பழையவற்றைக் கலைத்துவிட்டுப் புதியவற்றை ஏற்றும் அளவுக்குத்தான் பல கருவிகளுக்கு வலு உண்டு என்பதால், ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் பாதியில் அறுந்துபோகிறது. 2011இல் வந்த கோர்க் குரோனோஸ், 2017இல் வந்த நார்டு ஸ்டேஜ் 3, 2018இல் வந்த யமஹா மோடெக்ஸ் போன்றவை பழைய ஒலியை இயல்பாக அடங்கவிட்டுப் புதியதற்கு மாறும் வசதியோடு வந்தன. அதிலும் எல்லை உண்டு. மோடெக்ஸில் 4 பார்ட்டுகளுக்குள், அதாவது சேர்த்து அடுக்கிய 4 ஒலிகளுக்குள், அடங்கும் அமைப்புகளுக்கே அது செல்லும்.

என் சிந்தசைசரில் அந்த வசதி இல்லை. ஆகவே பாடலின் நடுவே டோனை மாற்றுவதையே நிறுத்திவிட்டு, ஒரு பாடலுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தேன். கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ஸ்ட்ரிங்ஸ், வலப்பக்கம் புல்லாங்குழல் என்று ஸ்பிளிட் செய்வேன்; மூன்றாவது ஒலி தேவையானால் அதை அதே கட்டைகளின் மேல் லேயராக வைத்து, ஒலியளவை ஏற்றியிறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலால் மட்டும் மேலெழுப்புவேன். பாடல் வரிசைப்படி இந்த அமைப்புகளை அடுக்கி, அடுத்ததற்குப் போகும் கட்டளையை ஒரு கால் சுவிட்சுக்குக் கொடுத்துவிட்டதால் கைகள் கட்டைகளை விட்டு எழ வேண்டியதில்லை. ஒரு பாடலுக்கு இப்படித் தயாரிக்க அரை மணி நேரம் பிடிக்கும் என்றாலும், வரிசையைக் கடைசி நிமிடத்தில் மாற்றும் பாடகர்கள் இருக்கும்வரை இந்த உழைப்பு முழுமையாகப் பலன் தராது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஒலியளவு இதற்கு அடுத்த தொல்லை. தயாரிப்பாளர்கள் சேர்த்துத் தரும் டோன்கள் தனியாகக் கேட்கும்போது மயக்குவதற்காக அமைக்கப்பட்டவை. அவற்றில் தோய்ந்திருக்கும் ரிவெர்ப், ஏற்கெனவே எதிரொலிக்கும் அரங்கில் குழம்பிப்போய்ச் சுரங்களின் விளிம்பை மழுங்கடிக்கிறது. இப்போது நான் எல்லா டோன்களிலும் ரிவெர்பைப் பாதிக்கும் கீழே இறக்கியிருக்கிறேன். பிராஸ் டோன் ஒன்று, மென்மையாக நீண்டு ஒலிக்கும் பேட் டோனைவிட இரு மடங்கு உரக்க ஒலித்து மிக்ஸரில் இருப்பவரைத் திடுக்கிட வைத்த பிறகு, மேடையில் கேட்கும் அளவிலேயே ஸ்பீக்கரை வைத்து ஒவ்வொன்றையும் சமன்செய்து சேமித்தேன். ஹெட்போனில் செய்த சமநிலை மேடையில் நிற்பதில்லை.

ஸ்டீரியோ பியானோ டோன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல அரங்குகளில் கீபோர்டை மிக்ஸரோடு இணைக்க ஒரே ஒரு டிஐ பாக்ஸ்தான் கிடைக்கும். அப்போது இடது, வலது ஒலிகள் ஒன்றாகச் சேர்க்கப்படுகையில் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், வீட்டில் செழுமையாக ஒலித்த அதே பியானோ தகரம்போல் மெலிந்துவிடும். என் கருவியில் மோனோவுக்கென்றே, அதாவது இடது, வலது என்று பிரியாத ஒற்றை ஒலிக்கென்றே, இருந்த, முன்பு நான் திரும்பியும் பார்க்காத ஒரு பியானோ டோன் இன்று என் முதன்மை டோனாகிவிட்டது.

ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களைக் குறிக்கும் பாலிஃபோனி எண்ணிக்கையை நான் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலித்தது. என் சிந்தசைசரில் 128 என்று இருந்ததால் அது வற்றாத கிணறு என்று நினைத்தேன். ஆனால் ஸ்டீரியோ பியானோவின் ஒரு சுரம் 2 குரல்களையும், அதன் மேல் வைத்த ஸ்ட்ரிங்ஸ் லேயர் 4 குரல்களையும் எடுத்துக்கொண்டால் ஒரு கட்டைக்கு 6 குரல்கள் செலவாகின்றன. 21 சுரங்களில் கணக்குத் தீர்ந்துவிடும். சுரங்களை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடி வேகமாக ஓடும் ஆர்பெஜியோவில் 21 என்பது சில நொடிகளுக்குள் கடந்துவிடும் எண். அப்போது கருவி பெரும்பாலும் மிகப் பழைய சுரத்தைக் கைவிடும். அது நாம் முதலில் பிடித்துவைத்த பேஸ் சுரமாக இருப்பதுதான் வேதனை.

கட்டைகளின் கனத்தில் எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஹாமர் ஆக்‌ஷனில் மென்மைக்கும் வன்மைக்கும் இடையே விரல்களுக்குக் கிடைக்கும் கட்டுப்பாடு வேறெதிலும் வராது, ஆனால் ஆர்கன் வாசிப்பில் உள்ளங்கையால் கட்டைகளை வழித்து இழுப்பதற்கு அது முற்றிலும் ஒவ்வாது. இந்தப் பொறியமைப்பின் விலையைத் தோள்களும் கொடுக்கின்றன. மோடெக்ஸ் வரிசையில் ஒரே ஒலியமைப்பைக் கொண்ட 61 கட்டைக் கருவி 6.6 கிலோ, ஹாமர் ஆக்‌ஷன் உள்ள 88 கட்டைக் கருவி 13.8 கிலோ. என் பியானோ அதைவிடவும் கனமானது, அதற்கான பெட்டி தனி. கடந்த மூன்று ஆண்டுகளாக, பியானோவே பிரதானமாக இல்லாத நிகழ்ச்சிகளுக்கு அதை நான் எடுத்துப்போவதில்லை.

ஒரு பெடல் கதையும் உண்டு. சவுண்ட் செக் முடிந்து கருவியை அணைத்துவிட்டு மீண்டும் போட்டபோது, கால் வைக்காத நேரத்தில் சுரங்கள் நீண்டும், மிதித்தால் அறுந்தும் ஒலித்தன. பெடல் பழுது என்று எண்ணி மூன்று பாடல்களைப் பெடல் இல்லாமலே ஓட்டினேன். பல கீபோர்டுகள் பெடலின் துருவத்தை, அதாவது அதன் மிதிக்காத நிலை எது என்பதை, கருவியை இயக்கும் கணத்தில்தான் கண்டறிகின்றன. அந்தக் கணத்தில் என் கால் அதன் மேல் இருந்திருக்கிறது.

இரண்டு கருவிகளையும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் 5 முள் மிடி கேபிளால் இணைத்து, சிந்தசைசரின் பேட் ஒலிகளைப் பியானோவின் கட்டைகளிலிருந்தே இயக்குகிறேன். 1983இல் பொதுவழக்குக்கு வந்த மிடி ஏற்பாடு நொடிக்கு 31,250 பிட் வேகத்தில்தான் பேசுகிறது. ஒரு சுரத்தின் செய்தி போய்ச்சேர ஒரு மில்லிநொடி போதும் என்பதால் அந்த வேகக்குறைவை என் விரல்கள் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

தேய்மானம் எதிர்பார்த்த இடங்களில் வரவில்லை. திரையும் பொத்தான்களும் புதிதுபோலவே இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டில் நடு ஆக்டேவில் ஒரு கட்டை, எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் அலறியது. கட்டையின் அடியிலுள்ள ரப்பர் பட்டையில் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. அவை அடுத்தடுத்துத் தொடும் இடைவெளியை அளந்தே கருவி அழுத்த வேகத்தைக் கணிக்கிறது. இடையே தூசி புகுந்தால் கணக்குத் தவறும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்ததும் சரியாயிற்று. அதற்குப் பிறகு வந்தது வெளியீட்டு ஜாக் தளர்ச்சி. ஜாக் உடற்சட்டத்தில் நட்டால் இறுக்கப்படாமல் சர்க்யூட் போர்டில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருந்ததால், கேபிள் இழுபடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பற்றவைப்பே சுமையைத் தாங்கியிருக்கிறது. இப்போது கேபிளை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே செருகுகிறேன். அடாப்டரில் இன்னொன்றும் எப்போதும் பையில் உண்டு.

சிந்தசைசரை மாற்றும் எண்ணம் இல்லை. பியானோவுக்குப் பதிலாக, எடை குறைந்த 73 கட்டைக் கருவி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒன்றைப் பார்க்கப் போனபோது ஹெட்போனை எடுப்பதற்கு முன், ஸ்ட்ரிங்ஸில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி பியானோவுக்கு மாற்றினேன். ஒலி அறுந்தது. அடுத்த கருவிக்கு நகர்ந்தேன்.