பனிமனிதனா, சிறுவீடா? தொடக்கப்பள்ளிப் பருவக் கைவேலைகள்: ஓர் ஒப்பீடு

மார்கழி பிறந்தால் எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடையில் நீலநிற சார்ட்டும் பஞ்சும் தீர்ந்துவிடும். ‘குளிர்காலம்’ என்று தலைப்புக் கொடுத்து, பனிமனிதன் செய்துவரச் சொல்லியிருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சொன்னேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, “டீச்சர், பனியை எப்படி உருட்டுவார்கள்?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பனி, விடியற்காலையில் பூசணி இலையின் சுணையில் முத்து முத்தாக நிற்பது. வெயில் ஏறினால் காணாமல் போவது. அதை உருட்ட முடியாது என்று அவள் கண்டது சரி. தாமிரபரணிக் கரையில் வளரும் பிள்ளையிடம், அவள் காணாத ஊரின் குளிரை வெட்டி ஒட்டக் கொடுத்தது என் தவறு.

அன்றிலிருந்து எந்தக் கைவேலையையும் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறேன். வேலையில் பெரும்பகுதி பிள்ளையின் கையால் நடந்ததா, இரவு பத்து மணிக்கு அம்மாவின் கையால் நடந்ததா? அந்தப் பருவம் கடந்த பின்னும் அதே வேலையை அதே மாதிரி செய்ய முடியுமா? முடியும் என்றால் அதற்குப் பருவத்தின் பெயரைச் சூட்டக் காரணமே இல்லை.

பனிமனிதனுக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வகுப்பறை அழுக்காகாது. சுவரில் மாட்டினால் பளிச்சென்று இருக்கும். ஆய்வுக்கு வருபவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் சார்ட், பஞ்சு, பசை, ஒட்டும் கண்கள் என்று ஒரு பிள்ளைக்கு ஐம்பது ரூபாய்க்குக் குறைவதில்லை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. முப்பது பனிமனிதர்களை வரிசையாக மாட்டினால் எது யார் செய்தது என்று மூலையில் எழுதிய பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதே மாதத்தில், அதே ஊரில், இதற்குப் போட்டியாக நிற்கக்கூடியது சிறுவீடு. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சிறுவீட்டுப் பொங்கலை விளக்க வேண்டாம். மார்கழி முழுவதும் வாசல் கோலத்தின் நடுவே சாணத்தில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். அந்தச் சாணத்தைப் பூவோடு தட்டிக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். தைப்பொங்கல் கழிந்த பின் ஒரு நாள், வாசலில் களிமண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, அதில் பெண்பிள்ளைகள் பொங்கலிட்டு, சேர்த்து வைத்த பூ விராட்டிகளைச் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். இப்போது பல வாசல்களில் சிமெண்ட் கல் பதித்தாயிற்று. வீடு கட்ட மண் இல்லை. பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் இன்னும் மண் இருக்கிறது. அதனால்தான் இதைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறேன்.

செய்முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. குளத்துக் கரம்பை மண்ணை மட்டும் பிசைந்து கட்டினால் இரண்டே நாளில் வெடித்துவிடும். பங்குக்குப் பாதி ஆற்று மணலும், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதிக்க வேண்டும். மிதிப்பதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். காருக்குறிச்சி மாதிரி மண்பாண்டம் செய்யும் ஊர் பக்கத்தில் இருந்தால் பதப்படுத்திய மண்ணே கிடைக்கும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு வீடு, ஒரு பழைய பலகை. பலகைமேல் கட்டினால் தூறல் விழுந்தால் உள்ளே தூக்கி வைத்துவிடலாம். சுவர் ஒரு சாண் உயரம் போதும். இரண்டு நாள் காய்ந்த பின் சுண்ணாம்பும் காவியும் மாற்றி மாற்றிப் பட்டை அடிக்க வேண்டும்.

சென்ற முறை மூன்றாம் வகுப்பில் ஒரு குழு கட்டிய வீட்டில் அடுப்படி, கூடத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். “எங்கள் ஆச்சி அங்கேதான் இருப்பார்கள்” என்றான் ஒரு பையன். அடுப்புக்கு மூன்று கூழாங்கற்கள் வைத்து, வீட்டிலிருந்து அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் இரண்டைக் கொண்டுவந்து அதில் ஏற்றியிருந்தான். ஆட்டுக்கு என்று ஒரு கொட்டில் கட்டிய வீடும் இருந்தது. கதவே இல்லாமல் திண்ணை மட்டும் நீளமாக இழுத்த வீடும் இருந்தது. பெயர் எழுதாமலே ஒவ்வொன்றும் யார் கட்டியது என்று தெரிந்தது.

குறைகளும் உண்டு. ஐந்தாறு நாள் பிடிக்கும். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கும் பொங்கல் விடுமுறைக்கும் இடையே கிடைப்பது பத்து வேலைநாள்கூட இல்லை. வைக்கோலையும் மண்ணையும் டிசம்பரிலேயே சொல்லி வைக்காவிட்டால் நடக்காது. சீருடை பாழாகும், பழைய சட்டை கொண்டுவரச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கத்து வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகளும், மேலப்பாளையம் பக்கம் இஸ்லாமியப் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். வழிபாட்டை வீட்டுக்கு விட்டுவிட்டு, வீடு கட்டுவதை மட்டும் வகுப்புக்கு எடுத்துக்கொண்டால் யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகளும் கட்டட்டும். என் தீர்ப்பில் சிறுவீட்டுக்குப் பக்கத்தில்கூடப் பனிமனிதனால் நிற்க முடியாது.

அதே குளிர் மாதங்களில் பறவை செய்யச் சொல்வதும் வழக்கம். மடித்துச் செய்யும் காகிதக் கொக்கு அழகானது. விரலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஒருமுறை அழைத்துப்போய் வந்தபின் வரையச் சொல்லுங்கள். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தின் வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். நேரில் பார்த்த பிள்ளை அந்த இரண்டையும் மறக்காமல் போடும். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. அந்த மக்களிடம் இரண்டு வார்த்தை பேசவைத்து அழைத்துவருவதும் பாடம்தான்.

கோடைக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்டைக்காயை வெட்டி அச்சுப் பதிப்பது ஒன்றாம் வகுப்புக்கு எளிது. ஆனால் வெண்டைக்காய் ஆண்டு முழுவதும் கிடைக்கும். நுங்கு அப்படி அல்ல. நுங்கு தின்றபின் மிஞ்சும் காயைச் சக்கரமாக்கிச் செய்யும் நுங்கு வண்டிதான் கோடையின் சரியான கைவேலை. ஆனால் நுங்கு மும்முரமாக இறங்கும்போது பள்ளி பூட்டியிருக்கும். விடுமுறை வேலையாகச் சொல்லி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

அடுத்து, காற்று. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கம் பெய்து தீர்த்துவிட்டு, குற்றாலத்துக்குச் சாரலையும் நமக்கு வெறும் காற்றையும் அனுப்புகிற காலம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றது சும்மா இல்லை. பணகுடி, இராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காற்றாலைகள் தினமும் கண்ணில் படுபவை. ஆகவே ஜூலையில் காற்றாடி செய்யலாம் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. காகிதத்திலா, பனையோலையிலா என்பதுதான் கேள்வி. இதில் என்னால் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய முடியவில்லை.

காகிதக் காற்றாடி ஆறு வயதுப் பிள்ளைக்கும் வரும். சதுரத் தாள், நான்கு முனையிலிருந்து நடுவை நோக்கி நான்கு வெட்டு, ஒன்றுவிட்டு ஒரு முனையை நடுவுக்கு மடித்து ஒரு குண்டூசி. ஆனால் நம் ஊர்க் காற்றில் சாதாரணத் தாள் அரை நாள்கூடத் தாங்காது. ஊசி குத்திய ஓட்டை கிழிந்து பெரிதாகிவிடும். பழைய நோட்டின் மேலட்டையில் செய்து, அட்டைக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு பாசிமணியைக் கோத்துவிட்டால் ஒரு வாரம் சுற்றும்.

ஓலைக் காற்றாடிக்குக் காசு செலவில்லை, பொறுமைதான் செலவு. குருத்தோலை மென்மையாக வளையும் என்றாலும் குருத்தை வெட்டுவது மரத்துக்கு நல்லதல்ல, குருத்துக்கு அடுத்த சாரோலையே போதும். கருக்குமட்டையை நீக்கிவிட்டு ஓலையை மட்டும் கொண்டுவரச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கை கிழியும். ஈரத்துணியில் ஓர் இரவு சுற்றி வைத்து, ஈர்க்கை உரித்துவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் இரண்டு பட்டைகள் எடுக்க வேண்டும். ஒன்றை ஒன்றுக்குள் மடித்துக் கோத்து இறுக்கினால் நடுவில் முடிச்சு விழும். அந்த முடிச்சின் மையத்தில் ஓர் உடைமுள்ளைக் குத்திச் சோளத்தட்டையில் செருகினால் முடிந்தது. முள் குத்துவதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். கோத்து இறுக்கும் வேலை ஒன்று, இரண்டாம் வகுப்பு விரல்களுக்கு வராது, அழுதுவிடுவார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் இரண்டு முறை அவிழ்ந்து மூன்றாவது முறை நிற்கும். காற்றை எதிர்த்து ஓடும்போது அது எழுப்பும் சரசரப்பு, காகிதத்தில் கிடைக்காத ஒன்று. சின்ன வகுப்புக்கு அட்டை, பெரிய வகுப்புக்கு ஓலை: இப்படித்தான் பிரித்துக் கொடுக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வழக்கமாகக் கொடுப்பது வண்ணத்தாளில் குடை வெட்டி ஒட்டுவது. அதற்குப் பதில் நான் மெழுகு ஓவியத்தைச் சொல்வேன். மின்சாரம் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியின் மிச்சத்தால் வெள்ளைத்தாளில் அழுத்தி வரைய வேண்டும். வரைந்தது கண்ணுக்குத் தெரியாது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலந்து தாள் முழுவதும் தடவினால், மெழுகில் நீர் ஒட்டாமல் கோடுகள் வெள்ளையாக எழுந்துவரும். நீலம் காயுமுன் தாளைத் தூறலில் நீட்டிப் பத்து எண்ணிவிட்டு இழுத்துக்கொள்ள வேண்டும். துளி விழுந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக வெளுத்திருக்கும். அந்த வட்டங்களை மழை மட்டும்தான் போட முடியும். குடை ஒட்டும் வேலையில் மழைக்கு எந்தப் பங்கும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பின், ஜனவரியில் இதே வேலையைக் கொடுத்தேன். தாமிரபரணியில் உள்ள குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியதை ஒருவன் வரைந்தான். மொட்டைமாடியில் ஆடுகளோடு நின்றதை ஒருத்தி வரைந்தாள். மெழுகால் வரைந்து முடித்தபின் நீலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனேன். ஆடு வரைந்தவள் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். “இது வேண்டாம் டீச்சர். தண்ணீர் இந்த நிறத்தில் வரவில்லை” என்றாள். சத்துணவுக்கூடத்தில் கேட்டுக் கொஞ்சம் காப்பித்தூள் வாங்கிவந்து, திக்காக டிகாஷன் இறக்கினோம். வகுப்பில் பாதிப்பேர் அன்று அதைத்தான் தடவினார்கள்.