ஈடனில் திமிங்கலம் காட்டுவதாகச் சொல்லி 378 டாலர் பிடுங்கிவிட்டார்கள்

கப்பலில் இருந்து இறங்கி ஐந்து நாள்தான் ஆகிறது, ஆத்திரம் அடங்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

சிட்னியில் உல்லாசக் கப்பல் ஏறி மூன்று இரவு, நடுவில் ஒரு பகல் ஈடன், சிட்னிக்குத் தெற்கே இருக்கும் கடற்கரை ஊர். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்காகவே போட்ட பயணம். ஓல்ட் டாம் என்ற ஓர்காவின் (கொலைத் திமிங்கலம்) கதையை எங்கோ படித்துவிட்டு ஒரு மாதமாக அதே பேச்சு. அந்தக் காலத்தில் ஓர்காக்கள் பெரிய திமிங்கலங்களை டூஃபோல்ட் விரிகுடாவுக்குள் விரட்டி வருமாம், டேவிட்சன் குடும்பத்தார் படகில் போய் ஈட்டி எறிவார்களாம், ஓர்காக்களுக்குக் கூலி செத்த திமிங்கலத்தின் உதடும் நாக்கும். அந்தக் குடும்பத்தாரின் திமிங்கல வேட்டை நிலையம் கைய்யா முகத்துவாரத்தில் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

கப்பலில் விற்கும் சுற்றுலா விலை அதிகம் என்று, பெரிய புத்திசாலி போல, ஒரு முன்பதிவுத் தளத்துக்குப் போனேன். நிலையம், மியூசியம், படகில் திமிங்கலம், "பார்ப்பது உறுதி". இரண்டு பேருக்கு 378 டாலர். பிப்ரவரியில் திமிங்கலம் வருமா என்று சாட்டில் கேட்டேன். "கட்டாயம். உங்கள் அப்பாவுக்கு முன் சீட் எடுத்து வைக்கிறோம்" என்று பதில் வந்தது. அந்த முன் சீட்டில்தான் விழுந்தேன்.

ஒன்பதரைக்கு வர வேண்டிய வேன் பதினொன்றரைக்கு வந்தது. அதுவரை அப்பா வெயிலில் ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் பாவம், நல்ல மனிதர். "எனக்குச் சொன்னது லுக்அவுட்டும் ஊரும் மட்டும்தான். நிலையம் எதிர்க்கரையில், சாலையில் சுற்றிப் போக முப்பது கிலோமீட்டருக்கு மேல். இனிமேல் போனால் கப்பலை விட்டுவிடுவீர்கள்" என்றார். படகு? அப்படி ஒன்றே அவர் பட்டியலில் இல்லை.

மேட்டில் இருக்கும் மியூசியத்துக்குச் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தோம். 1930-இல் செத்த ஓல்ட் டாமின் எலும்புக்கூடு அங்கே நிற்கிறது. வேட்டைப் படகின் கயிற்றைக் கவ்விக் கவ்வித் தேய்ந்ததாகச் சொல்லப்படும் பற்களை அப்பா வெகுநேரம் பார்த்தார். அங்கே கேட்ட பிறகுதான் தெரிந்தது: ஹம்பேக் வகைத் திமிங்கலங்கள் குட்டிகளோடு அந்தப் பக்கம் போவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. பிப்ரவரியில் அவை அண்டார்க்டிகாவில் இரை தேடிக்கொண்டிருக்கும். உறுதியாம்!

அன்று இரவே தளத்துக்கு எழுதினேன். "வண்டிக்காரரைக் கேளுங்கள்." வண்டிக்காரர் தளத்தைக் கேட்கச் சொன்னார். மறுபடி எழுதினால், "வவுச்சரின் நிபந்தனைகளைப் படியுங்கள்." நான்காவது முறை, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன்! 378 டாலர் போனவனுக்குக் கூப்பன். சாட்டில் அந்தப் பழைய பதிலைக் காட்டினேன், அதன் பிறகு பேச்சே இல்லை.

"விடுப்பா, டாமைப் பார்த்துட்டோம்ல" என்கிறார் அப்பா. எனக்கு விட முடியவில்லை.

சரி, விவரமாக எழுதத் தெம்பில்லை. திமிங்கல மாதம் எது என்று முதலில் பாருங்கள். வண்டி ஓட்டுபவரிடமே நேரில் பேசாமல் காசு கட்டாதீர்கள். சாட்டைப் படம் எடுத்து வையுங்கள். கார்டில் கட்டினால் வங்கியில் புகாராவது கொடுக்கலாம். நான் கொடுத்திருக்கிறேன், 378 டாலருக்கு. இன்னும் பதில் இல்லை.