மெயிலுக்குள் பட்டன் வைத்துத் தருவதாகச் சொன்னவர்களிடம் நான் ஏமாந்த விதம்

எங்கள் அலுவலகத்தில் விடுப்புக்கு ஒப்புதல் வாங்குவது பெரிய இழுபறி. மேலாளர்கள் பாதி நாள் வெளியில் இருப்பார்கள். தனித் தளத்தில் லாகின் செய்து பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை, மெயில் மட்டும் தவறாமல் பார்ப்பார்கள். அதனால் மெயிலிலேயே ‘சம்மதம்’, ‘மறுப்பு’ என்று இரண்டு பட்டன் வேண்டும், அழுத்தினால் பிரவுசர் திறக்காமல் எங்கள் சர்வரில் பதிவாகிவிட வேண்டும் என்று கேட்டேன். ஒரு சிறு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தோம்.

டெமோ அன்று எல்லாம் அழகாக நடந்தது. என் ஜிமெயிலுக்கு மெயில் வந்தது, பட்டனை அழுத்தினேன், மெயிலுக்குள்ளேயே ‘பதிவாகிவிட்டது’ என்று வந்தது. மெயில் வருவதற்கு முன் அந்தத் தம்பி, “ஒரு நிமிஷம் லேப்டாப்பைக் கொடுங்க சார்” என்று வாங்கி, செட்டிங்கில் ஏதோ தட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிறகுதான் தெரிந்தது. வெப் பக்கங்களை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் நாம் எழுதுவதை மெயில் செயலிகள் ஓட்டுவதில்லை. மெயிலுக்குள்ளிருந்தே சர்வரோடு பேச ஜிமெயிலில் உள்ள வழிகளில் ஒன்று ஏஎம்பி என்ற தனி மெயில் வடிவம். 2019இல் வந்தது. ஆனால் அனுப்புபவர், மெயில் உண்மையில் தன்னிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் சரியாக வைத்து, கூகுளிடம் பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், பெறுபவர் தன் ஜிமெயில் செட்டிங்கில் டெவலப்பர்களுக்கான இடத்தில் அனுப்புபவரின் முகவரியைச் சேர்த்துக்கொள்ளலாம். என் லேப்டாப்பில் அந்தத் தம்பி செய்தது அதைத்தான். பதிவுக்கு அவர்கள் விண்ணப்பிக்கவே இல்லை. அவுட்லுக்கில் இது முற்றிலும் வேறு வழி: அடாப்டிவ் கார்டு என்ற மைக்ரோசாஃப்ட்டின் வடிவத்தில் எழுதி, அதற்கென்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் மேலாளர்களில் பலர் அவுட்லுக்தான். அதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை.

எல்லோருக்கும் அனுப்பத் தொடங்கியதும், அனுமதி இல்லாத மெயில் என்பதால் ஏஎம்பி பகுதி யாருக்கும் தெரியவில்லை. மாற்றாக வைத்திருந்த சாதாரண ஹெச்டிஎம்எல் பகுதிதான் தெரிந்தது. அதில் இருந்தவை பட்டன் மாதிரி வண்ணம் பூசிய இரண்டு லிங்க். லிங்க்கைத் திறந்தாலே போதும், சர்வரில் முடிவு ஏறிவிடும்.

மூன்றாம் நாள் கணக்குப் பிரிவு அக்கா கண் கலங்கி வந்து நின்றார். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக நான்கு நாள் கேட்டிருந்தார். மறுக்கப்பட்டதாக மெயில் வந்திருக்கிறது. மேலாளருக்கு போன் போட்டால், “நான் இன்னும் மெயிலையே பார்க்கலம்மா” என்கிறார்.

சர்வரில் நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும் லாகை எடுத்துப் பார்த்தோம். மெயில் 10:42:07க்குப் போயிருக்கிறது. 10:42:11க்கு ‘சம்மதம்’ லிங்க் திறக்கப்பட்டிருக்கிறது, அடுத்த நொடியே ‘மறுப்பு’. நான்கு நொடியில் யார் படித்து, யார் அழுத்தியிருப்பார்கள்? மெயில் பாதுகாப்பு ஸ்கேனர். வரும் மெயில்களில் உள்ள லிங்க்குகளில் ஆபத்து உண்டா என்று முதலில் தானே திறந்து பார்க்கும். இரண்டையும் திறந்தது, கடைசியாகத் திறந்தது எதுவோ அதுவே முடிவாக நின்றுவிட்டது. அந்த மூன்று நாளில் வந்த 37 விண்ணப்பங்களையும் போனில் ஒவ்வொருவராகக் கேட்டுச் சரிசெய்தோம். அக்காவுக்கு அன்று மாலையே கைப்பட எழுதி விடுப்பு கொடுத்தோம்.

நிறுவனத்திடம் சொன்னால், “உங்க ஆபீஸ் மெயில் செட்டிங் பிரச்சினை, இதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது” என்றார்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. லிங்க்கைத் திறக்கும்போது சர்வருக்குப் போகும் கெட் கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது, பார்க்க மட்டுமே என்பது வெப்பின் பழைய விதி. 2005இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருள், பக்கங்களிலிருந்த லிங்க்குகளை முன்கூட்டியே திறக்க, ‘அழி’ லிங்க் வைத்திருந்த தளங்களில் தகவல்கள் அழிந்தன. மெயில் பட்டியலிலிருந்து விலகும் லிங்க்கை ஸ்கேனர்கள் திறந்துவிடுகின்றன என்பதால்தான், ஒரே கிளிக்கில் விலகுவதற்கு, தகவலை மாற்றுவதற்கென்று உள்ள போஸ்ட் கோரிக்கை வேண்டும் என்று 2017இல் ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தர ஆவணம் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைத் தெரியாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. லிங்க்கின் கடைசியில் விண்ணப்ப எண் மட்டும் இருந்தது. என் போனில், லாகின் எதுவும் இல்லாமல், 418ஐ 419 என்று மாற்றித் திறந்தேன். வேறொருவரின் விடுப்பு என் கையால் அங்கீகரிக்கப்பட்டது. உடனே சர்வரை நிறுத்தச் சொன்னேன்.

திருத்தித் தருகிறோம் என்று அவர்கள் கொண்டுவந்தது, லிங்க் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே போஸ்ட் அனுப்பும் ஒரு பக்கம். சில ஸ்கேனர்கள் பக்கத்தை முழு பிரவுசரில் திறந்து ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஓட்டும், பழைய கதையேதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வேறொருவர் செய்து கொடுத்தது ஓடுகிறது. மெயிலில் ஒரே லிங்க். திறந்தால் யார், எத்தனை நாள், என்ன காரணம் என்று காட்டும் பக்கம். மேலாளர் அங்கே பட்டனை அழுத்தினால்தான் போஸ்ட் போகும். லிங்க்கில் ஊகிக்க முடியாத நீண்ட ரகசியக் குறியீடு (டோக்கன்) இருக்கிறது. அது அந்த மேலாளருக்கும் அந்த விண்ணப்பத்துக்கும் மட்டும் செல்லுபடியாகும், ஒருமுறை முடிவு ஏறியதும் காலாவதியாகிவிடும். பிரவுசர் திறக்கத்தான் செய்கிறது, யாரும் குறை சொல்லவில்லை.

யாராவது உங்களிடம் மெயிலுக்குள்ளேயே இயங்கும் பட்டன் என்று வந்தால், உங்கள் கணக்கில் அவர்களைத் தொடவே விடாதீர்கள். செட்டிங் எதுவும் மாற்றாத மூன்று வேறு ஆட்களின் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதில் ஒன்றாவது அலுவலக ஸ்கேனருக்குப் பின்னால் இருக்கட்டும். அனுப்பிய பின் யாரும் மெயிலைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டு சர்வர் லாகைப் பாருங்கள். பதிவுக்கான அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு, சர்வர் லாக் நகலையும் இணைத்து இரண்டு முறை எழுதிவிட்டேன். அவர்களிடமிருந்து வந்தது மீதிப் பணத்துக்கான பில் மட்டும்தான்.