அப்வொர்க்கில் நாலு வருஷம்: என் அனுபவம்

திருநெல்வேலியில் வீட்டு மாடியறைதான் என் ஆபீஸ். பிஹெச்பி, வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் என்று வலைத்தளமும் இணையக் கடையும் கட்டும் வேலைகள் செய்கிறேன். முன்பெல்லாம் தெரிந்தவர் சொல்லி வரும் வேலைகளைத்தான் நம்பியிருந்தேன். ஒரு ஜவுளிக்கடைக்கு மூன்று மாதம் உழைத்து பில்லிங் சாப்ட்வேர் செய்து கொடுத்தேன். முன்பணம் 10,000 வந்தது. மீதி 35,000 ரூபாய் "அடுத்த வாரம் பாப்போம் தம்பி" என்றே கரைந்துபோனது. அதற்கப்புறம்தான், வாடிக்கையாளர்களையும் ஃப்ரீலான்ஸர்களையும் இணைக்கும் அப்வொர்க் தளத்தில் கணக்குத் தொடங்கினேன்.

அதனால் பணம் வந்து சேரும் விதத்தைத்தான் முதலில் சொல்வேன். மொத்தத் தொகை பேசிய வேலையில், வாடிக்கையாளர் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் கணக்கில், பணம் கட்டியதைப் பார்த்துவிட்டு நாம் தொடங்கலாம். முடித்து அனுப்பிய பிறகு 14 நாள் அவர் வாயே திறக்காவிட்டாலும் பணம் நமக்கு விடுவிக்கப்படும். மணிக்கணக்கு வேலைக்கு டைம் டிராக்கர் என்று வேலை நேரத்தைக் குறிக்கும் மென்பொருள் உண்டு. 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். முதல் வாரம் யாரோ முதுகுக்குப் பின்னால் நிற்பது மாதிரி இருந்தது. ஒருநாள் என் வங்கிக் கணக்கைத் திறந்திருந்த நேரத்தில் எடுத்துவிட்டது. அந்த ஸ்கிரீன்ஷாட்கள் சேரும் ஒர்க் டைரிக்குள் போய் அந்தப் படத்தை அழித்தேன். அந்த 10 நிமிடக் கூலியும் கூடவே போனது. நியாயம்தான். அந்தப் படங்கள் இருப்பதால்தான் முகம் தெரியாத ஒருவர் கேள்வி கேட்காமல் பணம் தருகிறார்.

வேலை பிடிப்பது சுலபம் இல்லை. விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் வேண்டும். ஒன்று 15 அமெரிக்க சென்ட். ஒரு வேலைக்கே 10, 15 என்று கேட்கும். முதல் இரண்டு மாதத்தில் 23 விண்ணப்பம் போட்டேன், ஒரு பதிலும் வரவில்லை. எல்லாவற்றையும் "எனக்கு இத்தனை வருட அனுபவம்" என்று தொடங்கியிருந்தேன். வாடிக்கையாளரின் பட்டியலில் நம் கடிதத்தின் முதல் இரண்டு வரிதான் தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது.

24-ஆவது, மெல்போர்னில் இருக்கும் ஒரு செடிக்கடை. தளம் மெதுவாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தத் தளத்தையே திறந்து, பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன். கூடையில் ஒன்றுமே இல்லாதபோதும் பக்கத்துக்குப் பக்கம் கூடைக் கணக்கைக் கேட்டு சர்வருக்கு ஒரு கோரிக்கை போய்க்கொண்டிருந்தது. அதையும், எப்படி நிறுத்துவது என்பதையும் முதல் இரண்டு வரியில் எழுதினேன். அன்று இரவே பதில் வந்தது. இன்றைக்கும் அவர்களுக்கு வாரம் 6 மணி நேரம் வேலை பார்க்கிறேன்.

நம் வருமானத்தில் அப்வொர்க் எடுக்கும் கமிஷன் எனக்கு உறுத்துகிற விஷயம். 2023-இல் எல்லாருக்கும் 10 சதவீதம் என்று ஆக்கினார்கள். 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை, வேலையைப் பொறுத்து மாறுகிறது. விண்ணப்பிக்கும்போதே அளவைக் காட்டிவிடுகிறார்கள். அதைக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் என் மணிக்கூலியைப் போடுவேன். புதிதாக வருபவர்களும் அப்படியே போடுங்கள், குறைத்துக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. ஒப்பந்தம் போடும் முன்பே அப்வொர்க்குக்கு வெளியில் பேசலாம் என்று கூப்பிடுபவரையும், வேலை தர டெபாசிட் கேட்பவரையும் உடனே ரிப்போர்ட் செய்துவிடுங்கள். எஸ்க்ரோவுக்கு வெளியே போனால் என் ஜவுளிக்கடைக் கதைதான்.

கல்லூரி முடித்த கையோடு, காட்ட ஒரு வேலைகூட இல்லாமல் வந்தால் கனெக்ட்ஸ் காசுதான் கரையும். சொந்தமாக இரண்டு மூன்று தளம் செய்து வைத்துக்கொண்டு வாருங்கள். காட்ட வேலை இருப்பவர்களுக்கு அப்வொர்க்கைத் தாராளமாகச் சொல்வேன்.

மணிக்கணக்கு வேலைக்கு, நம் நேரப்படி திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வாரக் கணக்கு முடியும். அதற்கடுத்த வாரம் புதன்கிழமை அந்தப் பணம் எடுக்கத் தயாராகிவிடும். நாலு வருஷத்தில் "அடுத்த வாரம் பாப்போம்" என்ற பேச்சை நான் அங்கே கேட்டதில்லை.