ஐம்பதுக்கு மேல் துணை தேட மேட்ரிமோனி தளங்கள்: பணம் கட்டுமுன் படிக்க

"யாருக்காகப் பதிகிறீர்கள்?" என்பதுதான் மேட்ரிமோனி தளங்களின் முதல் கேள்வி. தனக்கு, மகனுக்கு, மகளுக்கு, சகோதரிக்கு என்று பட்டியல் போகும். அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்பது பெரும்பாலான தளங்களில் கிடையாது. 'உறவினர்' என்று போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மறுமணப் பிரிவும் இளவயதுக்காரர்களை வைத்தே அமைத்தது. பிள்ளைகள் உடன் இருக்கிறார்களா என்று கேட்கும், அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்காது. அறுபது வயதில் பல வரன்கள் தட்டிப்போவது அங்கேதான்.

ஆகவே படிவம் கேட்காததை 'என்னைப் பற்றி' பகுதியில் நீங்களே எழுதிவிடுங்கள்: பிள்ளைகளுக்கு விஷயம் தெரியுமா, கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டில் இருப்பது, வருமானம் சொந்தப் பென்ஷனா குடும்பப் பென்ஷனா.

கடைசிக் கேள்வி மிக முக்கியம். மத்திய அரசு விதிப்படி, கணவர் இறந்து குடும்பப் பென்ஷன் வாங்கும் பெண் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். குழந்தை இல்லாதவருக்கு மட்டும், வேறு வருமானம் வரம்புக்குள் இருந்தால், தொடரும். தன் சொந்த உழைப்பின் பென்ஷனுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. அரசு ஊழியர் ஓய்வுபெற்ற பின் மணந்த துணைக்கும் குடும்பப் பென்ஷன் உரிமை உண்டு. பழைய அலுவலகத்துக்குத் திருமணச் சான்றிதழுடன் எழுதிப் பெயரைச் சேர்க்க வேண்டும். இதைத் தெரியாமல் பேச்சு நிச்சயம்வரை போய் நின்றால், அதிகம் காயப்படுவது அந்தப் பெண்தான்.

இலவசப் பதிவு தாராளமாகச் செய்யலாம். வயது, ஊர் இரண்டை மட்டும் வைத்துத் தேடுங்கள். ஜாதகம், உட்பிரிவு எல்லாம் போட்டு வடிகட்டினால் இந்த வயதில் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கட்டணத் திட்டத்தில் நீங்கள் வாங்குவது குறிப்பிட்ட எண்ணிக்கை போன் நம்பர்களை. பொருத்தமானவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள், பிறகு மிகக் குறுகிய திட்டத்தை எடுங்கள். 'ஆள் வைத்துத் தேடித் தருகிறோம்' என்ற விலை உயர்ந்த திட்டம் இந்த வயதுக்கு வேண்டாம். அவர்கள் தேடுவதும் அதே பட்டியலில்தான்.

வீடியோ காலைத் தட்டிக்கழிப்பவர், வெளிநாட்டுப் பரிசு கஸ்டம்ஸில் மாட்டியிருக்கிறது என்பவர், யாரானாலும் பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

தளங்களில் இல்லாத ஒன்று, நேரில் உட்கார்ந்து பேசும் இடம். ஹைதராபாத்தின் 'தோடு நீடா' என்ற அமைப்பு மூத்தவர்களை ஒன்றுகூட்டி அதைத்தான் செய்கிறது. நம் ஊர்த் தளங்கள் வாங்கும் கட்டணத்துக்கு, மாதம் ஒரு சந்திப்பாவது நடத்தலாம்.