ரூட் நிரம்பிவிட்டால்: துடைப்பதா, பெரிதாக்குவதா, இடம் மாற்றுவதா?

வீட்டில் ஓடும் உபுண்டு லினக்ஸ் சர்வரில் 30 ஜிபி ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) ஒரு நாள் முழுசாக நிரம்பி, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றுபோனது. கடைசியில் டாக்கர் (செயலிகளைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஃபோல்டரைத் தனி டிஸ்க்குக்கு மாற்றினேன். ஆனால் அங்கே போய்ச் சேரச் சில நாள் ஆனது.

முதலில் துடைத்தேன், எல்லோரையும் போல. ஆப்ட் கேஷ் (மென்பொருள் நிறுவும் ஆப்ட் இறக்கிவைத்த ஃபைல்கள்), பழைய கர்னல்கள் (சிஸ்டத்தின் மையப் பகுதி), சிஸ்டம்டி ஜர்னல் (சர்வீஸ்களைக் கிளப்பி நடத்தும் சிஸ்டம்டியின் பதிவேடு). ஜர்னலுக்காவது ஒரு வரம்பு உண்டு: ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம், மிஞ்சிப் போனால் 4 ஜிபி. டாக்கர் கன்டெய்னரின் லாக் எனும் பதிவு ஃபைலுக்கு நாமாக வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. பெரிய லாக்கை அழித்தும் இடம் வரவில்லை. டாக்கர் அதைத் திறந்தே வைத்திருந்தது. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்ததும்தான் விட்டது. பத்து நாளில் பழைய கதை.

பெரிதாக்குவது எல்விஎம் (பார்ட்டிஷன் அளவைப் பிறகும் மாற்ற விடும் அடுக்கு) இருந்தால் ஐந்து நிமிட வேலை. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும். உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் எல்விஎம் போடும்போது டிஸ்க்கில் ஒரு பகுதியைச் சும்மா விட்டுவைப்பதும் உண்டு, அதை முதலில் பாருங்கள். நான் எல்விஎம் போடவில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது ஒரே கேள்வி: அடுத்த முறை நிரம்பும்போது எது விழும்? ரூட்டைப் பெரிதாக்கினால் விழுவது ரூட்தான், கொஞ்சம் தாமதமாக. டாக்கர் தனி டிஸ்க்கில் இருந்தால் கன்டெய்னர்கள் திணறும். ரூட்டில் இருக்கும் டேட்டாபேஸும் ஆப்டும் தம் பாட்டுக்கு ஓடும்.

பராமரிப்பு இதில் கூடுதல், மறைக்க வேண்டாம். டாக்கரை நிறுத்தி, நகலெடுத்து, புது டிஸ்க்கை அதே ஃபோல்டரின் மேல் மவுன்ட் செய்தேன் (இணைத்தேன்). மீதி இடம் காட்டும் டிஎஃப் கட்டளையில் ரூட்டின் எண் துளியும் அசையவில்லை. பழைய 11 ஜிபி மவுன்ட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது, ஃபோல்டர் அளவு காட்டும் டியூ கட்டளைக்கும் தெரியாது. அன்மவுன்ட் செய்து அழித்தேன்.

இன்னொன்று: சர்வர் பூட் ஆகும்போது டிஸ்க் மவுன்ட் ஆகாவிட்டால், டாக்கர் காலி ஃபோல்டரைப் பார்த்து ரூட்டிலேயே புதிதாகக் குடித்தனம் தொடங்கிவிடும். அதற்குத்தான் மவுன்ட் இல்லாமல் டாக்கர் கிளம்பக் கூடாது என்று சிஸ்டம்டியில் ஒரு வரி சேர்த்தேன். லாக்குக்கும் 10 எம்பி, மூன்று ஃபைல் என்று வரம்பு வைத்தாயிற்று. பழைய கன்டெய்னர்களுக்கு அது ஒட்டாது, அவற்றை மறுபடி உருவாக்க வேண்டும்.